நந்தியாவட்டையில் மாமா பார்த்தது

ஊறுகாய் பாட்டில் ஒன்றில் என் மாமனாரின் புத்தியை அடைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பைக்கின் முன்னால் துணிப்பையில் தொங்கவிட்டுக்கொண்டு நான் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போன காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, பையைத் திறந்து, உள்ளே இருப்பவர் சௌக்கியமா என்று பார்த்தேன். டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்த, ஊறுகா ஒயுகுதா?" என்று அக்கறையாகக் கேட்டார். "ஊறுகா இல்லீங்க, புழு" என்றேன். அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நான் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். கடப்பாக்கத்திலிருந்து திருவிடந்தை வரை, கடலோரம் இருக்கிற அத்தனை வீட்டுச் சமையலறைக்குள்ளும் புகுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, அதில் உப்பளக்கும் மீட்டரை முக்கி, "இதையா கொழந்தைக்குக் குடுக்கறீங்க?" என்று முகத்தைச் சுளிப்பது என் தொழில். நல்ல தண்ணீரையே கெட்டது என்று ஊரை நம்பவைத்தவன், நல்ல புத்தியோடு இருந்த ஒரு மனிதரை நல்ல புத்திக்காரர் என்று அவருடைய சொந்தப் பிள்ளையை நம்பவைக்க முடியாமல் தோற்றேன். சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம். நான் விற்பனைக்காரன், யாராவது எழுந்து போனால் எனக்குப் பழக்கம்தான்.

மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும், நடுவில் கொஞ்சகாலம் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஓட்டியவர். அவருக்கு ஒரே ஒரு தற்பெருமை உண்டு, கண். எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று நாம் யோசிக்கும்போதே அதன் பலகையைப் படித்துவிடுவார். "கண்ணு ஒயுங்கா இருந்தா பிரேக்கு எதுக்கு மாப்ளே?" என்பார். நான் பெண் பார்க்கப் போன அன்றே என்னையும் ஒரு பார்வையில் படித்துவிட்டார். எல்லாரும் இருக்கும்போதே மாமியாரிடம், "மாப்ளைக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் கீது. ஆனா பொண்ணு மேல விழல, பஜ்ஜி மேலயே நின்னுகினு கீது" என்றார். அன்று தட்டைக் கீழே வைத்தவன்தான், அந்த வீட்டில் பிறகு பஜ்ஜியே சாப்பிட்டதில்லை என்று சொல்ல ஆசை. அன்றே இன்னும் இரண்டு சாப்பிட்டேன். அவர் சிரித்தார். அதிலிருந்து எங்களுக்குள் மாமனார் மருமகன் என்கிற விறைப்பு போய்விட்டது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய ஓட்டு வீடு. மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டதால், சூரியன் அந்த வாசலுக்கு உச்சிவேளையில் மட்டும், ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த அரைகுறை வெயிலிலும் குளியலறைச் சுவரை ஒட்டி, குழாயடியில் ஒரு நந்தியாவட்டை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. மாமியார் வைத்த செடி. அவர் போனபிறகு தினமும் காலையில் அதில் பூப்பறித்து அவர் படத்துக்கு வைப்பதை மாமா தன் டியூட்டியாக எடுத்துக்கொண்டார். பறிக்கும்போது செடியோடு பேசுவார் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். கொசுவைத் திட்டுவார்.

அவருக்கு ஒரே மகன். என் வீட்டுக்காரிக்கு அண்ணன், எனக்கு மச்சான். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களை ஒப்பந்தத்துக்கு விடுகிறவன். திருவிடந்தையில் கடல் தெரிகிற மாதிரி ஐந்தாவது மாடியில் வீடு வாங்கிக் குடியிருந்தான். செங்கல்பட்டு வீட்டை இடித்து, கட்டுமானக்காரர் ஒருவரிடம் இடத்தைக் கொடுத்து, மாடிமாடியாகக் கட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. மாமா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "நான் போனப்புறம் எத்தினி மாடி வேணும்னாலும் கட்டிக்கோ. இருக்கிறவரைக்கும் எனுக்குத் தரையில கால் வெக்கணும்" என்றார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் கெட்டவன் இல்லை. அப்பாவுக்கு வாராவாரம் பழம் வாங்கி வருகிற பிள்ளை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு காலை, பூப்பறிக்கப் போன மாமா வெறும் கையோடு திரும்பி வந்தார். நந்தியாவட்டையில் பாம்பு. இலைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்ததாம். எங்கள் ஊரில் பாம்பு என்றால் முதலில் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன் போகும். தீ பிடித்தால்கூட நாங்கள் வாளியைத் தேடுவோம். பாம்புக்கு மட்டும் அவர்கள் வந்தாக வேண்டும். வந்தார்கள். நானும் செய்தி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். சந்து முழுக்கக் கூட்டம். கொக்கி வைத்த கம்பும் கோணிப்பையுமாக இரண்டு பேர் செடியைக் குலுக்கினார்கள், கல்லைப் புரட்டினார்கள், சாக்கடையைக் கிளறினார்கள். ஒன்றும் இல்லை.

"பச்சப்பாம்பா இருக்கும் பெரியவரே, போயிருக்கும். வுடுங்க" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

மாமா அங்கே தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எதைப் பார்த்தாரோ அதைச் சரியாகச் சொல்லியே தீருகிற மனிதர். "பச்சப்பாம்பு எனுக்குத் தெரியாதா சார்? அது கயிறு மாரி ஒல்லியா இருக்கும். இது என் வெரலுத் தடி. கண்ணு நீலம். நடுவுல வெள்ள."

"எவ்ளோ நீளம்?"

"பாத்தது இந்த வெரலு நீளந்தான்."

கூட்டத்தில் யாரோ கெக்கலித்தார்கள். "வெரலு நீளத்துல நீலக்கண்ணுப் பாம்பா? நைட்டு இன்னா சாப்ட தாத்தா?" மாமா வாழ்நாளில் குடித்ததில்லை. கேட்டவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தலைய உள்ள இய்த்துகினு கண்ண மட்டும் காட்டுச்சி" என்று தீயணைப்புக்காரரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அவரோ கோணியை மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எதிர்வீட்டு அக்கா கதைக்குள் வருகிறாள். அவள் இல்லாமல் அந்தச் சந்தில் எதுவும் நடக்காது. "அந்தச் செடி யாரு வெச்சது? உங்க வூட்டம்மா வெச்சது. அதுலயே வந்து தலையத் தூக்கிப் பாக்குதுன்னா அது யாருன்னு இன்னும் புரியலியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செடியடியில் கற்பூரம் ஏற்றி, கிண்ணத்தில் பால் வைத்தாள். அன்று மாலையே அந்தப் பாலைப் பூனை குடித்ததை நானே பார்த்தேன். மாமா என் காதருகே குனிந்து, "அவ வரணும்னு நெனச்சா பாம்பா வருவாளா மாப்ளே? நேராக் கதவத் தட்டி, கேஸ மூடினியான்னு கேப்பா" என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாமியாருக்கும் அது பிடித்திருக்கும்.

அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை மாமா அதைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் விடிந்தும் விடியாத நேரம், ஒவ்வொரு தடவையும் ஆள் கூப்பிட்டு வருவதற்குள் காணாமல் போய்விடும். பூப்பறிப்பது நின்றது. குளியலறைக்குப் போகக் கம்பு எடுத்துக்கொண்டு போனார். இதற்குள் செய்தி சந்திலிருந்து கிளம்பி, சொந்தபந்தங்களின் போன் வழியாகத் திருவிடந்தை ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வேறு செய்தியாகிவிட்டது. மாமா செடியில் பாம்பைப் பார்த்தார் என்பது, செத்துப்போன மனைவியைப் பாம்பு உருவில் பார்க்கிறார் என்றாகி, கடைசியில் அந்தப் பாம்பு அவரோடு பேசுகிறது என்று முடிந்தது. எதிர்வீட்டு அக்கா பற்றவைத்த கற்பூரம் அவ்வளவு தூரம் எரிந்தது.

மச்சான் பதறிப்போய் வந்தான். எனக்குத் தெரியும், அவன் நடிக்கவில்லை. கண் கலங்கி என்னிடம், "நைனாவுக்கு மண்ட கொயம்பிப் போச்சு மாப்ள. அம்மா போனதுலேர்ந்து தனியா வுட்டது தப்பு" என்றான். "மச்சான், அவரு பாம்புன்னுதான் சொன்னாரு. அம்மான்னு சொன்னது எதிர்வூட்டம்மா" என்றேன். "நீ எல்லாத்துலயும் தமாஷ் பண்ணுவ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். வாழ்நாள் முழுக்கக் கேலி பேசியே சம்பாதித்த பெயர். உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் அதை மாற்றிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

மச்சான் அவரை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனான். திரும்பி வந்ததும் மாமா என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நான் பக்கத்துல ஒக்காந்துகினு கீறேன். டாக்டர் இவனப் பாத்துகினே கேக்கறாரு, இவனும் சொல்லிகினே கீறான். அம்மா வராங்கன்றாரு, அவங்ககூடப் பேசறேன்றாருன்னு. நான் எப்படா பேசனேன்? கடைசியா என் பக்கம் திரும்பி, இன்னும் அது தெரியுதா பெரியவரேன்னாரு. தெரியுது சார்ன்னேன். சரின்னு எய்திட்டாரு." எழுதியது மாத்திரை. அடுத்த முறையும் கேட்டார்களாம், இன்னும் தெரியுதா என்று. இவர் மறுபடியும் நேர்மையாக, ரெண்டு நாள் முன்னாடி பார்த்தேன் சார், கண் நீலம்தான் என்றார். மாத்திரையைக் கூட்டினார்கள். நாஸ்தா முடித்து அதைப் போட்டுக்கொண்டால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தூக்கம், அப்புறம் வாயோரம் எச்சில். தூரத்து பஸ்ஸின் பலகையைப் படித்தவர் கையில் இருக்கும் டம்ளரைத் தேடினார். இந்த நிலையில் தனியாக விடக்கூடாது என்று மச்சான் அவரைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனான். கடல்காற்று நல்லது என்றான். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மாமியாரின் திதிக்கு அந்தச் செடியின் பூவே வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நான்தான் போனேன். செடியைப் பார்த்தால் பாதிக் கிளை மொட்டையாக இருந்தது. இலையைக் காணோம், காம்பு மட்டும் நிற்கிறது. அடியில் சிமெண்டுத் தரையில் கருப்பாக, மிளகைவிடப் பெரிதாக உருண்டை உருண்டையாகக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கையோ என்று நினைத்தேன். ஆடு குளியலறைச் சுவர் மேல் எப்படி ஏறும் என்று யோசித்துக்கொண்டே ஒரு பூவுக்குக் கை நீட்டினேன். கிளை அசைந்தது. இலை என்று நான் நினைத்த ஒன்று கழுத்தை உள்ளே இழுத்து, தோளை உப்பி, இரண்டு நீலக்கண்ணால் என்னைப் பார்த்தது. கறுப்பு வளையம், உள்ளே நீலம், நடுவில் வெள்ளை.

அப்போது நான் போட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எதிர்வீட்டு அக்கா பிறகு சொன்னாள், யாரோ பெண்பிள்ளை கத்துகிறாள் என்று நினைத்தாளாம். தெருமுனை வரை ஓடினேன். ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான், பாம்புக்கு ஏன் இவ்வளவு கால் என்கிற கேள்வி வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, கோட்டை ஒட்டி உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், வால்பக்கம் சின்னதாக ஒரு மஞ்சள் கொம்பு. கொழுத்த புழு. என் சத்தம் அடங்கியதும் கழுத்தை நீட்டியது. கண் இரண்டும் தோல் மடிப்புக்குள் போய் மறைந்தன. அந்த நிலையில் அது வெறும் இலைக்காம்பு. அரையடி தள்ளி நின்றால் தெரியாது. இலை நுனியை ஒரு குச்சியால் தட்டினேன், திரும்பவும் கண் வந்தது. எடுத்தேன், மறைந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. "தலைய உள்ள இய்த்துகினு கண்ண மட்டும் காட்டுச்சி" என்று அவர் கோணி மடிக்கிற ஆளிடம் சொன்ன சொல் மட்டும் காதில் கேட்டது.

படமெடுத்தேன். செடிகொடி பூச்சிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி ஒன்றை இறக்கி அதில் காட்டினேன். முதல் படத்துக்கு வெள்ளரிக்காய் என்றது. இரண்டாவது படத்தில் என் கட்டைவிரலும் விழுந்திருந்தது. அதை மட்டும் சரியாக மனிதன் என்று சொன்னது. பிறகு பூச்சி பார்க்கிறவர்கள் கூடும் ஒரு முகநூல் குழுவில் படத்தைப் போட்டு, ஐயா, இது என்ன, விஷமா என்று கேட்டேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. முகம் தெரியாத ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். ஓலியாண்டர் ஹாக் மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு; அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்னும்; ஒன்று போனால் அதே செடியில் இன்னொன்று வரும்; நெடுஞ்சாலை நடுவில் அரளி வைக்கிற ஊர்களில் நிறையவே இருக்கும்; கடிக்காது, கொட்டாது; பயந்தால் தலையை இழுத்துக்கொண்டு பொய்க்கண்ணைக் காட்டும்; பறவைகள் அதைப் பாம்பு என்று நினைத்து விலகிப்போகும். நான் அதைப் பலமுறை படித்தேன். பறவைகள் நினைக்கலாமாம். அவற்றை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை.

பாட்டிலில் இலையோடு போட்டு என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். தட்டினேன், கண் வந்தது. அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். பாட்டிலைக் கையில் வாங்கி, தானும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நைனா நல்லாத்தான் கீறாரா?" என்றாள்.

"நல்லாத்தான் கீறாரு."

"அப்ப இத்தினி நாளா நாம குடுத்த மாத்திரை?"

 அவள் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு.

மறுநாள் காலை பார்த்தால் புழுவின் முதுகு காவி பூத்திருந்தது. குழுவில் கேட்டேன். மண்ணுக்குள் போகிற பருவம் வந்துவிட்டது, இனி தின்னாது, நிறம் மாறிக்கொண்டே போகும், எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது.  என் கையில் இருந்த ஒரே சாட்சி நிறம் மாறுகிறது. சினிமாவில் சாட்சியை வில்லன் மாற்றுவான், இங்கே சாட்சியே தானாக மாறுகிறது. பைக்கை எடுத்தேன். அந்த டீக்கடை, அந்த வேகத்தடை எல்லாம் அப்போதுதான். மாமல்லபுரம் வந்து கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பிய பிறகு நிறுத்தவே இல்லை.

ஐந்தாம் மாடிக் கூடத்தில் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. சட்டையை யாரோ போட்டுவிட்டிருந்தது தெரிந்தது. பொத்தான்கள் கழுத்துவரை இருந்தன, அவர் எப்போதும் மேலே இரண்டைத் திறந்துவிடுகிறவர். பால்கனிக் கதவில் பூட்டு. மச்சான் அன்போடுதான் வரவேற்றான். நான் பாட்டிலை மேசையில் வைத்து, படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரை முக்கி எத்தனையோ சமையலறைகளில் பேசியிருக்கிறேன்; அன்றுதான் பேச்சின் வரிசை குழம்பியது.

மச்சான் குனிந்து பார்த்தான். வெயிலில் வந்ததாலோ என்னவோ, புழு கருகிய வாழைத்தோல் மாதிரி ஆகியிருந்தது. "இதுவா பச்சப் பாம்பு? காஞ்சுபோன பீர்க்கங்கா மாரி கீது."

"நேத்து பச்சையா இருந்துச்சி மச்சான். போட்டோ பாரு."

போனை வாங்கிப் பார்த்தான். "போட்டோ நெட்டுல ஆயிரம் கெடக்குது மாப்ள."

"உன் வாசல்ல, உன் கொயா பக்கத்துல எடுத்தது. கொயாவப் பாரு!"

அவன் குழாயைப் பார்க்கவில்லை. நான் பாட்டிலைத் தட்டினேன். புழு கழுத்தை இழுத்தது. கண் வந்தது. நீலம் அநேகமாகப் போய், மைக்கறுப்பாக இரண்டு வட்டம். ஆனாலும் கண்தான். மச்சான் சட்டென்று பின்வாங்கினான். அந்த ஒரு நொடி அவனும் பாம்பைப் பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான். அப்புறம் முகத்தைச் சரி செய்துகொண்டான். அவனையும் குறை சொல்ல முடியவில்லை. இதை ஒப்புக்கொண்டால் அவன் ஒப்புக்கொள்ள வேண்டியது புழுவை மட்டுமா?

"சரி, நைனாவையே கேப்போம்" என்றான். "நைனா, நீ பாத்தது இதுவா?"

மாமா பாட்டிலை வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த அந்தப் பார்வை, தூரத்துப் பலகையைப் படிக்கிற பார்வை, ஒரு கணம் வந்தது. அப்புறம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"நான் எதையும் பாக்கலியே" என்றார்.

"மாமா, நீலக்கண்ணு! தலைய உள்ள இய்த்துகினுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே பாக்கல மாப்ளே. எனுக்கு இப்ப எதுவும் தெரியறதில்ல." சொல்லிவிட்டு, வகுப்பில் சரியான விடை சொன்ன பையன் வாத்தியாரைப் பார்ப்பதுபோல் மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியா மாப்ள? டாக்டர் சொன்ன மாரியே கொணமாகிட்டே வருது. போயி மறுபடி ஞாபகப்படுத்தாத, புண்ணியமாப் போவும்."

அவனுக்குப் போன் வந்தது, உள்ளே போனான். மாமா நாற்காலியிலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தார். பிடியில் பழைய ஸ்டியரிங் பலம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இதாண்டா அது" என்றார் மெதுவாக. முதல்முறையாக என்னை 'டா' போட்டார். "புழுவா அது? தேவடியாப் புழு, இன்னா கண்ணுடா அதுக்கு."

"அப்புறம் ஏன் மாமா இல்லன்னீங்க?"

"தெரியுதுன்னா மாத்திரைய ஏத்தறாங்க. இல்லன்னா எறக்கறாங்க. ரெண்டு வாட்டியா இல்லன்னு சொல்லிகினு கீறேன், அரை மாத்திரைக்கு வந்துட்சி. நீ வந்து கெடுத்துடாத." பாட்டிலைக் காட்டி, "அத எட்த்துகினு போயி நல்ல மண்ணா பாத்து வுடு" என்றார்.

கீழே வந்து, அந்த வளாகத்தில் மண் எங்கே என்று தேடினேன். எங்கும் கல் பாவியிருந்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே, சவுக்கு மரங்கள் இருந்த பக்கம் மணல். வாகான இடமா என்று எனக்குத் தெரியாது. அங்கே விட்டேன். உதிர்ந்த சவுக்கு இலைக்கடியில் நுழைந்து போய்விட்டது.

சில மாதங்களில் மாமா வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று காட்டச் சொல்லிப் போட்டாராம். நல்ல தெளிவோடு இருக்கிறார் என்று அந்தக் கையெழுத்துக்காக டாக்டரே சான்று கொடுத்தார். ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி நிற்கிறது. மாத்திரை முழுதாக நின்றது. அந்த ஒரு விஷயத்தில் மாமாவின் கணக்கு தப்பவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லிப் பழகிய நாக்கு அவரிடமிருந்து போகவில்லை. பால்கனியைத் திறந்துவிட்டார்கள், காலையிலிருந்து மாலைவரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படகு வருதா மாமா என்றால், "நான் பாக்கல" என்பார். மழை பெய்யுதா என்றால், சாரல் மேலே பட்டுக்கொண்டிருக்கும்போதே, "தெரியல மாப்ளே." கீழே சாலையில் ஒரு வேன் இரு சக்கர வண்டியை இடித்துவிட்டுப் போனபோது, அத்தனை மாடியிலும் அந்த நேரத்தில் வெளியே இருந்தவர் அவர் ஒருவர்தான். விசாரிக்க வந்த காவலரிடமும் அதேதான் சொன்னார். வேனின் நம்பர் பலகையை அவர் படித்திருப்பார் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

இன்று அவர் இல்லை. நான் இன்னும் தண்ணீர் இயந்திரம்தான் விற்கிறேன். எந்த வாசலில் நந்தியாவட்டையைப் பார்த்தாலும் என்னையறியாமல் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். இதனால் மூன்று நாய்களிடமும் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடமும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மச்சான் எப்போது பேசினாலும் அப்பாவின் கடைசிக் காலம் நிம்மதியாகப் போனதைச் சொல்லுவான். ஒரு தொந்தரவு கொடுக்கலியே மாப்ள மனுஷன் என்பான். நானும் ஆமாம் என்பேன். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கண் டாக்டர் அறைதான்.

கேட்டதற்கெல்லாம் தெரியவில்லை என்கிறாரே, கண்புரையாக இருக்குமோ என்று மச்சான் பயந்து, அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண், கலகலப்பானவர். மாமாவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர்ச்சுவரில் விளக்கெரிந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். மேலே பெரிய எழுத்து. கீழே வரவரப் பொடிப் பொடியாக.

"தாத்தா, கடைசி வரி தெரியுதா பாருங்க. தெரிஞ்சதப் படிங்க."

மாமா பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது, சத்தமில்லாமல் அந்தப் பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னது, நான் பலகையையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தேன், ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. அப்புறம் உதடு நின்றது. நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, கதவோரம் நின்றிருந்த மச்சானைப் பார்த்தார்.

"இன்னா தெரியணும் நைனா? நீ சொல்லு, அதையே சொல்லிட்றேன்."

மகனை அவர் செல்லமாக அழைப்பதும் நைனா என்றுதான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "செம்ம தமாஷ் தாத்தா நீங்க!" மச்சானும் சிரித்தான். மாமா இரண்டு முகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவனமாகப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் தாமதமாக, அவரும் சிரித்தார்.